மச்சான் போடாத மைனஸ்

மச்சான்,

இன்று காலை ஐஸ் பிளாண்டில் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. புதிதாகச் சேர்ந்த ஆள், "சேட்டா, தொட்டியில உப்புத்தண்ணி எத்தனை டிகிரியில நிக்குது?" என்றான். "பத்து" என்றேன். பூஜ்யத்துக்குக் கீழே பத்து என்று அவனுக்கே தெரியும். முப்பது வருஷமாக அந்தத் தொட்டியருகே யாரும் மைனஸ் என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு நின்றேன். உங்கள் முகம் வந்துவிட்டது.

அன்று சுள்ளிக்கல்லில் என் தங்கை வீட்டு முன்னறை. நீங்கள் வேதியியல் டியூஷன் எடுக்கிறீர்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார் வாசலில். பலகையில் 'உப்புக்கரைசலின் உறைநிலைத் தாழ்வு 3.72 டிகிரி' என்று எழுதினீர்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்குச் சும்மா இருக்க முடியுமா?

"மச்சான், மைனஸ் எங்க? உப்புத்தண்ணி மேலயா ஏறும்? தினம் கை முக்கறவன் சொல்றேன்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக, ஜெர்மன் எஞ்சினியரே என்னிடம்தான் சந்தேகம் கேட்டார் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஜெர்மன்காரர் எவரையும் நான் கண்டதில்லை.

"எவ்வளவு இறங்கிச்சுன்னுதான் எழுதியிருக்கேன், மச்சான். பூஜ்யத்துல இருந்து அதைக் கழிக்கறப்ப மைனஸ் தானா வரும்" என்றீர்கள் மெல்ல.

"நழுவாதீங்க" என்றேன்.

வாசலில் நின்ற தாய்மாரில் ஏலக்காய்க் கடைக்கார அம்மா, "சாரே, தப்பாயிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வரி நீங்கள் எழுதிக் காட்டியிருந்தால் நான் மண்ணாகியிருப்பேன். என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "அவர் பிளாண்டுக்காரர். அவர் சொல்றதுலயும் காரியமுண்டு" என்று பலகையைத் துடைத்துவிட்டீர்கள்.

அடுத்த வாரம் நாலு பிள்ளைகள் வரவில்லை. அப்புறம் மற்றவர்களும். சாரையே திருத்தியவன் என்று நான் மட்டாஞ்சேரி பஜாரெங்கும் சொல்லித் திரிந்தேன். நீங்கள் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை.

இன்று மதியம் அந்த அம்மாவின் கடைக்குப் போனேன். சார் எழுதியது சரி, நான்தான் ஒன்றும் தெரியாமல் வாய் விட்டேன், ஜெர்மன்காரனும் புளுகு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாக்கைத் தள்ளிவைத்துச் சிரித்தார்.

"மரிச்சவரை விட்டுக்கொடுக்க மனசு வரல, இல்ல? அதுக்காகப் பழியை உங்கமேல போட்டுக்கறீங்க!"

"சத்தியமா சொல்றேன், சேச்சி."

"உங்களுக்குப் பெரிய மனசு, சேட்டா. இரிங்க, சாயா குடிச்சிட்டுப் போங்க."

மறுக்க மறுக்க, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது பெரிய மனசுக்காரன் என்ற பெயரும், மச்சான், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதாகிவிட்டது.