ஷாமளா எழுதிய பதினைந்து வரி

தங்காக், மலேசியா,
மார்ச் 2

அன்பு மகள் லோஷினிக்கு,

வெள்ளிக்கிழமை காலை நம் கடை ஷாமளா எழுதிய தவக்காலச் சிந்தனையைக் கோவில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அழித்துவிட்டார்கள், அதுவும் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டப்ளினில் உனக்கு இருமல் விட்டதா, வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள்கிறாயா? இங்கே ஆண்டவர் கிருபையில் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லை, கோபம்தான் இன்னும் தணியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ "அம்மா, கோவில் ஆளுங்ககூட சண்டை வேணாம்" என்பாய், அதனால்தான் தாளில் எழுதி முறுக்கு டப்பாவோடு அனுப்புகிறேன்.

நம் கோவிலில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தவக்காலத்தில் நாளுக்கு ஒருவர் முறை வைத்து, அன்றைய நற்செய்தியை வாசித்து, பதினைந்து வரியில் தன் சொந்தச் சிந்தனையைக் காலை ஆறு மணிக்குள் குழுவில் போட வேண்டும். பாதிப் பேர் எங்கிருந்தோ வந்ததை ரோஜாப்பூ படத்தோடு அப்படியே தள்ளிவிடுகிறார்கள், அதை யாரும் அழிப்பதில்லை. ஷாமளாவின் முறை வெள்ளிக்கிழமை வந்தது. காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னாரே, அதுதான் அன்றைய வாசகம். அவள் எழுதியது இது: தான் துணிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே துணி விரிப்பதாகவும், கடையில் முதலாளிக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் நாற்காலி உண்டு, விற்கிறவர்களுக்கு இல்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை முதலாளி முதல் வரிசையிலிருந்து எழுந்து காணிக்கை போடப் போகும்போது தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குதிகாலை நீவிக்கொள்வதாகவும். "எனக்கு அவங்க மேல மனத்தாங்கல் இருக்கு. அவங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல" என்று முடித்திருந்தாள். பெயர் போடவில்லை. போட வேண்டுமா என்ன, அந்தக் கோவிலில் துணிக்கடை வைத்திருப்பவள் நான் ஒருத்திதானே.

நான் அதைப் படிக்கவே இல்லை. நோன்புப் பெருநாள் துணிக்குக் கூட்டம் வரும் மாதம், விடிந்ததிலிருந்து மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். கோவில் தமிழ்ப் பிரிவுத் தலைவர் மதிவாணன் போன் செய்து, "அக்கா, கவலையே படாதீங்க, இருபது நிமிஷத்துல அழிச்சிட்டேன், அந்தப் பொண்ணு பேரையும் லிஸ்ட்லேருந்து எடுத்தாச்சு" என்று பரிசு விழுந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எதை அழித்தீர்கள் என்று கேட்டால் "அத விடுங்க லா" என்கிறார். பக்கத்துக் கடை தனலெட்சுமி நம் வேதமும் இல்லை, அந்தக் குழுவிலும் இல்லை, அவள் போனில் அது இருந்தது! ஊரெல்லாம் படித்த பிறகு அவளிடம் வாங்கித்தான் நான் படித்தேன்.

முதல் கோபம் ஷாமளா மேல்தான், மறைக்க மாட்டேன். ஆறு வருஷமாக மத்தியானம் என் வீட்டுச் சோறு சாப்பிடுகிறாள், என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பிறகு மறுபடி படித்தேன். விற்கிறவள் உட்கார்ந்தால் சோம்பேறிக் கடையாகத் தெரியும் என்று ஜொகூர் பாருவில் என் பழைய முதலாளி சொன்னதை, முப்பது வருஷமாக வேதவாக்காக வைத்திருக்கிறேன். அவர் கடையில் நின்று நின்று நான் அவரைத் திட்டாத திட்டு உண்டா? ஜெபமாலை சொல்லிக்கொண்டே திட்டியிருக்கிறேன். சனிக்கிழமை அவள் வந்தாள், கடையில் வைத்திருக்கும் செருப்பு, தண்ணீர் போத்தல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடுறேன் மேடம்" என்றாள். கூட்டம் நிற்கிறது, போய் வேலையைப் பார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

நேற்றுப் பூசையில் காணிக்கை நேரத்தில் எழுந்தேன். காணிக்கை உறையைப் பீடப் படியில் வைத்துவிட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போய், என்மேல் உனக்கு என்ன மனத்தாங்கல், முழுக்கச் சொல் என்றேன். அவள் பயந்துபோய் "மேடம், பூசை நடக்குது" என்கிறாள். பூசை முடிந்து போகச் சொல்லவில்லையே ஆண்டவர். வெளியே வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். எல்லாம் சொன்னாள், போன வருஷம் காய்ச்சலோடு நிற்கவைத்ததைக்கூட. சரி, முதலில் இரண்டு நாற்காலி வாங்குகிறேன், மாற்றி மாற்றி உட்காருங்கள் என்றேன். "நாலு பேரு மேடம். எட்டு காலு" என்றாள். பேரம் பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தானே! அதற்குள் மதிவாணன் என் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க. கோவில் கூரை வேலைக்கு நீங்கதான் பெரிய கை, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "கூரைக்குக் குடுத்தா கூரையப் போடுங்க தம்பி. ஒரு பொண்ணு வாய மூடித் தாங்கன்னு நான் ஆர்டர் குடுத்தேனா? கேக்காத சரக்க லாரியோட திருப்பி அனுப்புறவ நான்" என்றேன். நற்செய்தி யார் மேலும் படாமல் போக வேண்டுமென்றால் எதற்கு அதைத் தினமும் வாசிக்கிறார்கள், சொல். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு மட்டும் வலிக்காத வேதம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? உறையை மறுபடி உள்ளே போய்ப் போட்டேன், பேச்சு முடிந்த பிறகு.

நீயும் ஆஸ்பத்திரி வார்டில் உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களைக் கொஞ்சம் கவனி, உன் உடம்பில் ஓடுவதும் என் ரத்தம்தான். குருத்தோலை ஞாயிறுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு, வேலை வேலை என்று தள்ளிப்போடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார்.

கொட்டகையில் பேசி முடித்தது இது. நான்கு பேருக்கு நான்கு நாற்காலி, முதுகு சாய்கிற மாதிரி, இந்த வாரமே. ஆள் வரும்போது எழுந்தால் போதும். ஷாமளாவின் பெயர் பட்டியலில் திரும்ப ஏறும், அவள் எழுதியதை ஓர் எழுத்து மாற்றாமல் மதிவாணனே தன் கையால் குழுவில் போட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை முறை எனக்கு, பதினைந்து வரிக்கு மேல் இல்லை, ரோஜாப்பூவும் இல்லை. அவள் பங்குக்கு ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று: இனிமேல் மனத்தாங்கல் வந்தால் முதலில் என் முகத்துக்கு நேரே சொல்வாள், நான் கேட்காவிட்டால்தான் குழுவில் எழுதுவாள்.

உன் அம்மா,
ரெஜினா