‘ரெஸ்பான்சிபிலிட்டி’யும் யாழினியின் தொட்டிலும்

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையிலிருந்தே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. தாய்மார் எல்லாம் வீட்டில். அவர்கள் வேலைநாளில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவுக்கும், உதவிக்கு இருக்கும் எனக்கும் யாழினிக் குட்டி மட்டும். அவள் அம்மா காய்ச்சலுக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கேகாலையில் இன்டர்வியூ. மேல் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிடைக்காவிட்டால் கொழும்பில் கார்மெண்ட்தான். பிள்ளைகள் சத்தமில்லாத வேலையை நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது.

இங்கிலீஷில் பேசச் சொல்வார்களாம். எல்லாம் வருகிறது, ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ தவிர. சனியன்.

குடைக்குக் கம்பி மாற்றணும்.

14, செவ்வாய்

மறுபடி மழை. போன் வீடியோவில் ஒரு டீச்சர் பிரித்துச் சொல்கிறார்: ரெஸ்-பான்-ஸி-பி-லி-டி. ஆறு துண்டு. நான் முதல் துண்டிலேயே மூச்சையெல்லாம் கொட்டிவிடுகிறேன். ‘ரெஸ்பான்சிபிள்’ என்றால் ‘பான்’மேல் அழுத்தம். வால் நீண்டதும் அழுத்தம் ‘பி’க்கு நகர்ந்துவிடுகிறது. யார் நகர்த்தச் சொன்னது?

யாழினிக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ‘பி’ வரும்போது கயிற்றை ஓர் இழுப்பு. சரியாக வந்தது. அவளும் தூங்கிவிட்டாள்.

ஆயா செல்லம்மாக்கா: “என்னடி, இங்கிலீஷ் தாலாட்டா?”

16, வியாழன்

வெயில். காம்பரா நிறையப் பிள்ளைகள், நிறையச் சண்டை. யாழினி அந்த வார்த்தை இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறாள். தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லித் தண்ணி.

17, வெள்ளி

யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ். நின்றுகொண்டே. இன்டர்வியூவில் மூன்று பேர். ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ தெளிவாக வந்தது. மேசைக்கு மேலே என் கை, இல்லாத கயிற்றை இழுத்தது. நடுவில் இருந்த மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நங்கி, அத மொகத கரன்னே?” தங்கச்சி, கை என்ன செய்கிறது என்கிறார். சிங்களத்திலேயே உண்மையைச் சொன்னேன், தொட்டில் ஆட்டுகிறது என்று. மூன்று பேரும் சிரித்தார்கள். போச்சு.

வரும்போது பட்டாசு வாங்கினேன். வேலை போனாலும் தீபாவளி தீபாவளிதானே.

22, புதன்

வேலை கிடைத்துவிட்டது. போனில் அந்த மேடமே சொன்னார். சந்தோஷத்தில் மூன்று முறுக்கு.

சாயந்தரம் செல்லம்மாக்கா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீ போயிட்டா இவள யாரு தூங்க வைக்கிறது? அந்த வார்த்தைய எனக்குச் சொல்லிக் குடு.”

சொல்லிக்கொடுத்தேன். அக்கா ‘ரெஸ்’ என்றதுமே கயிற்றை வெட்டி இழுத்தார்.

யாழினி கண்ணைத் திறந்து அக்காவை முறைத்தாள்.