ரிவர்ஸ் பக்கம் தேய்ந்த புஷ்

ஆடி 14, வியாழன். புத்தூர்.

போன தையில் ஏகாம்பரம் ஐயாவின் காரில் கியர் ராடை ஆடாமல் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துபோயிருந்தது. புதியது மதராஸிலிருந்து வரவேண்டும். எங்கள் ஊர்களை மதராஸோடு சேர்க்கக் கேட்கும் எல்லை மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஊர் ஊராகப் போகவேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். நான் புஷ்ஷுக்குப் பதில் தோலை வெட்டிச் சுற்றி அனுப்பிவிட்டேன். ஏரிச் சரிவில் இறங்கியவர் பின்னால் எடுக்க முடியாமல் காரோடு தண்ணீருக்குள் போய் இறந்தார். தோல் நழுவிக் கிடந்ததைப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

மாசியில் வண்டியைச் சரிசெய்து, பித்தளை புஷ் போட்டு, கார்வேட்டிநகரத்தில் அவர் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். மைல் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டேன். இன்று போய்ப் பார்த்தால் அதே எண். ஆனால் ராடு லொடலொடவென்று ஆடியது. கழற்றினேன். பித்தளை பிறை மாதிரி தேய்ந்திருந்தது, ரிவர்ஸ் பக்கம் மட்டும்.

"வண்டிய யாருப்பா எடுத்தது?"

"யாரும் தொடல மேஸ்திரி," என்றான் அவர் மகன் முனிரத்தினம். "சாவி எங்கிட்டதான் கீது. உள்ள யாரோ கியர் போட்டுக்கினே கீற மாதிரி சத்தம் வருது. அதான் உங்கள கூப்ட்டேன்."

புது புஷ் போட்டேன்.

"மாசம் ஒரு தபா நானே வந்து மாத்திடறேன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோலைப் பற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நியூட்ரலில்தான் விட்டு இறங்கினேன். கொட்டகைக் கதவைச் சாத்தும்போது உள்ளே ரிவர்ஸ் விழுந்தது. ஒரே தடவையில், சுலபமாக.