மழையில்லாமல் வளர்ந்த புல்

புத்தூர், திருச்சி
12-4-1963

டோரதி அக்காவுக்கு,

இல்லக்கா, ஸ்கேல நான் தப்பா வைக்கல. மார்ச்ல ஒரு சொட்டு மழை இல்ல, நெசந்தான். புல்லு ஏழு அங்குலம், அதுவும் நெசந்தான். காலேஜ விட்டவனுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா? நீ அமெரிக்கா போறதுக்கு முன்னாடி கொல்லையில கட்டின வேலிக்குள்ள ஆடு மாடு எதுவும் நுழையல. நம்பிக்கை இல்லன்னா வந்து அந்தக் கொழுக்கட்டைப்புல்லையே கேளு.

அப்பா பேச்சை மீறிப் போனவ நீ. இன்னும் உன் பேர எடுக்குறதில்ல. உன் கடுதாசிய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினா எழுந்து போயிடுறாரு. கிறிஸ்மஸுக்காவது வருவியா?

சகாயம்

கான்சஸ்
27-4-1963

அன்புள்ள சகாயம்,

கோவிச்சுக்காதடா. இங்க கிழக்குப் பக்கம் மழை ஜாஸ்தி, புல்லு ஆள் உயரம் நிக்குது. மேற்க போகப் போக மழை கொறையுது, புல்லும் கணுக்கால் அளவு ஆயிடுது. மழையே இல்லாத வருஷம் மேல காஞ்சு, வேர்ல உசுர வச்சுக்கிட்டுக் கிடக்கும். நம்ம ஊர்ப் புல்லு என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான் அந்த மூணடி நிலம். மழைத் தண்ணியத் தவிர வேற எதுவும் படக் கூடாது.

யாராவது தண்ணி ஊத்துறாங்களான்னு பாரு. ஊத்தியிருந்தா ரெண்டு வருஷ அளவும் வீண். பட்டத்துக்கான என் ஆராய்ச்சிய மொதல்லேருந்து தொடங்கணும். அப்புறம் கிறிஸ்மஸ் எங்க, இன்னும் ரெண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வர முடியாது.

அப்பா ஒழுங்கா சாப்பிடுறாரா?

அன்புடன்,
டோரதி

புத்தூர்
2-6-1963

அக்கா,

ஆமா, ஊத்தியிருக்காங்க. அப்பாதான். காலைப் பூசைக்குப் போறதுக்கு முன்னாடி, தெனம் ஒரு செம்பு. நான் எழுந்திரிக்கிற நேரம் உனக்குத் தெரியுமே, எங்கேருந்து பாப்பேன்? உன் கடுதாசி வந்ததும் ஒருநாள் முழிச்சிருந்து கையும் செம்புமாப் புடிச்சேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"அவ வச்சதுடா. காயவிடச் சொல்றியா?"

காஞ்சா காயட்டும்னுதான் அவ வச்சான்னேன். உங்களாலதான் அக்கா இன்னும் ரெண்டு வருஷம் வரமாட்டான்னும் போட்டு ஒடச்சுட்டேன். என் வாய்தான் தெரியுமே. செம்பக் கீழ வச்சாரு. அன்னையிலேருந்து கொல்லைப்பக்கமே போகல. சோறும் ரெண்டு வாயோட சரி.

போன செவ்வாக்கிழமை பூசைக்குக் கெளம்பினவரு வாசல்லயே விழுந்துட்டாரு. வலது கை, கால் வரல. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். நீ பயந்துடுவேன்னு அம்மா தந்தி குடுக்க விடல. பேச்சு கொளறுது. நேத்து எங்கிட்ட என்னமோ சொன்னாரு, நாலு தடவ கேட்டும் வெளங்கல. உன் பேரு மட்டும் வெளங்குச்சு.

புல்லுல பச்சை ஒரு அங்குலம்கூட இல்ல. யாரும் தண்ணி ஊத்தல, இத நம்பி எழுதிக்க.

பாக்க விடுற நேரமாச்சு, கஞ்சி ஆறுது. நான் கெளம்பணும்.

சகாயம்