சோற்றுப்பையில் இருக்கும் வளையல்

ஆடி 9, வெள்ளி

இன்றும் அகழாய்வுக் குழிக்குள் இறங்குமுன் வளையலைக் கழற்றிச் சோற்றுப்பையில் வைத்தேன். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். அங்கே மருந்தறைக்குள் உலோகம் எதுவும் உரசக் கூடாது. “இங்கன வெறும் மண்ணுதான்டி, வெடிக்காது,” என்றாள் கூட வேலை பார்க்கும் மாரியம்மாள்.

மத்தியானம் ஒரு முதுமக்கள் தாழி வந்தது. மண்ணைத் தூரிகையால் தள்ளினேன். கையெலும்பில் சங்கு வளையல் ஒன்று அப்படியே இருந்தது.

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். போட்டிருந்ததோட புதைச்சிருக்காங்க,” என்றார் தொல்லியல் மேடம்.

மாரியம்மாள் குனிந்து பார்த்தாள். “எம்புட்டுப் பிரியமா அனுப்பியிருக்காக.”

அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

போன வருஷம் கம்பெனி வெடித்தபோது அக்கா உள்ளே இருந்தாள். ஆஸ்பத்திரியில் கருகிக் கிடந்த மூன்று பேரில் அவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் கால்விரலைப் பார்த்துச் சொன்னாள். கையில் வளையல் இல்லை. காலையில் கழற்றிச் சோற்றுப்பையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பை வாசலில் பத்திரமாக இருந்தது. வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார்.

அது இன்னும் பரண்மேல் இருக்கிறது. புதைத்த அன்று வளையலை எடுத்து அவளோடு வைத்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.