உன் சீட்டு, என் குரல்

தைநான், நவம்பர் 20

ஷி-காய்,

போனில் பேசினால் மூன்றாம் வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நலமா? குளிருக்குக் காலுறை போடுகிறாயா? இங்கே தெருவுக்குத் தெரு தேர்தல் ஒலிபெருக்கி வண்டி. உன் நீலக் கட்சி வண்டி சரியாக நான் கண்ணயரும் நேரத்தில்தான் வருகிறது. நீதான் சொல்லி அனுப்பினாயோ என்னவோ.

கஞ்சிக்கடை ஃபெங் அக்கா நேற்று, "உன் வீட்டுக்காரர் ஓட்டுப் போட வருவாரா, இல்ல உனக்குப் பயந்து அங்கயே இருந்துடுவாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனசு வலித்தது. போன தேர்தலில் கத்திவிட்டுக் கிளம்பினவன், நான்கு வருடமாக வேலை வேலை என்கிறாய். உன் பெயர் இன்னும் இந்த வீட்டு விலாசத்தில்தான் பதிவாகியிருக்கிறது. ஜனவரி பதின்மூன்றாம் தேதி இங்கே வந்தால்தான் உனக்கு ஓட்டு. வருகிறாயா?

லி-யுன்


பிர்னோ, செக் நாடு, டிசம்பர் 2

என் கைப்பிடித்தவளுக்கு,

காலுறை இரண்டு ஜோடி போடுகிறேன், போதுமா? நன்றாக யோசித்துப் பார்த்தேன். நீ பச்சைக்குப் போடுவாய், நான் நீலத்துக்குப் போடுவேன். உன் ஓட்டை என் ஓட்டு கழித்துவிடும், மிச்சம் பூஜ்யம். இதற்காகப் பாதி உலகம் பறந்து வரவேண்டுமா? நீயும் போடாதே, நானும் போடவில்லை. இதுதான் சமாதான உடன்படிக்கை. நீ பால்மீன் வறுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

உன் கஞ்சிக்கு நாக்கு ஏங்குகிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஷி-காய்


தைநான், டிசம்பர் 14

ஷி-காய்,

நல்ல யோசனை! பள்ளிக்கூடத்து டீச்சரைக் கட்டிக்கொண்டவன் போடுகிற கணக்கா இது?

இந்த முறை எங்கள் பள்ளியில்தான் வாக்குச்சாவடி. எண்ணும்போது ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டி உரக்கச் சொல்லும் வேலை எனக்கு. ஊரே பின்னால் நின்று பார்க்கும். எந்தக் கட்சிச் சீட்டு வந்தாலும் ஒரே குரலில் கத்தவேண்டும். உன் சீட்டும் என் கைக்குத்தான் வரும்.

நான் ஓட்டுப் போடுவேன். உன் உடன்படிக்கை குப்பைக்குப் போயிற்று. என்னை எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வர உனக்கு மனசில்லையென்றால், உன் பெயரை வேறு விலாசத்துக்கு மாற்றிக்கொள். கோபத்தில் எழுதவில்லை. அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

லி-யுன்


பிர்னோ, ஜனவரி 3

லி-யுன்,

மதியச் சாப்பாட்டின்போது நம் உடன்படிக்கையை யிட்காவிடம் பெருமையாகச் சொன்னேன். தொழிற்சாலையில் என்னோடு சைக்கிள் சக்கரம் கோக்கிறவள். பேரன் பேத்தி எடுத்தவள், உடனே முறைக்காதே. சிரிப்பாள் என்று பார்த்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய்யா, உங்க தீவச் சுத்தி, உங்கள முழுங்கப் பாக்குற நாட்டோட போர் விமானம் பறக்குது. அப்பவும் நீங்க சீட்டத் தூக்கிக் காட்டி எண்ணுறீங்க. எங்க தாத்தா காலத்துல பெரிய நாட்டுக்காரங்க நாலு பேர் உக்காந்து எங்க மண்ணப் பக்கத்து நாட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. எங்கள ஒரு வார்த்த கேக்கல. சின்ன நாடுன்னா அவ்ளோதான்னு நெனச்சுதான் நான் வளந்தேன். அப்படி இல்லன்னு நீங்க காட்டிக்கிட்டு இருக்கீங்க. உங்க நாடு போச்சுன்னா, பெரிய நாட்டுக்காரங்க அடுத்து யாருன்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க. நீ என்னடான்னா பொண்டாட்டிகிட்ட பேரம் பேசிக்கிட்டு இருக்க!"

எனக்கு வெட்கமாகிவிட்டது, அன்றைக்கே டிக்கெட் வாங்கிவிட்டேன். பதின்மூன்றாம் தேதி காலையில் வீட்டில் இருப்பேன். நீலத்துக்குத்தான் போடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஷி-காய்


ஜனவரி 13, சமையலறை மேசைமேல்

வந்துவிட்டாயா? நான் சாவடிக்குப் போகிறேன். கஞ்சி அடுப்பில் இருக்கிறது. வாக்காளர் அறிவிப்பையும், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்த உன் பெயர் முத்திரையையும் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டாதே, வேலையில் இருப்பேன்.

லி


அதே தாளின் பின்பக்கம், இரவு

லி,

கடைசிச் சீட்டு வரைக்கும் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். எது என்னுடையது என்று எப்படித் தெரியும்? நீலத்துக்கு நீ கத்திய ஒவ்வொரு தடவையும் என்னுடையதைத்தான் கத்துகிறாய் என்று தோன்றியது. உன் கட்சிக்குக் கத்தியதைவிட இம்மிகூடக் குறைக்கவில்லையே! அடிப்பாவி, உன்னை விட்டுவிட்டா இத்தனை நாள் இருந்தேன்?

நீ எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வர நேரமாகும். எனக்குக் கண் சொருகுகிறது. உன் தொண்டைக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். திரும்பிப் போக டிக்கெட் வாங்கவில்லை.

வந்ததும் எழுப்பு. யார் ஜெயித்தது என்று சண்டை போடவேண்டும்.

ஷி-காய்