சாட்சி என்று சொல்லித்தான் உன்னை நிற்கவைத்தேன்

என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. காரியத்துக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். உன் படத்தை நேராகப் பார்க்கத் தெம்பில்லை. ஏன்டா தம்பி என்று கேட்டிருப்பாய், இல்லையா? சொல்கிறேன், கேளு.

உன் மகள் கலாவுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் அங்கிருந்து எனக்குப் போன் பண்ணினாள். நெட்டில் எதையோ தேடப்போய், சுனாமி நிவாரணப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அதில் நீ பேசுகிறாய். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. "அம்மா சொல்றது ஒண்ணு, கீழ எழுதிக்கீறது ஒண்ணு. இன்னா மாமா இது?" என்றாள். அந்த இங்கிலீஷ் என்னுடையது, அக்கா.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அலை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏதோ தேசத்துக் கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து அனுப்பிய குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனாக உங்கள் குப்பத்துக்கு வந்தேன்; அங்கேதான் நீ எனக்கு அக்கா ஆனாய். அரிசி, தார்ப்பாய், ஸ்டவ் எல்லாம் யார் எந்தச் சாமி என்று கேட்காமல்தான் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் வந்த வெள்ளைக்காரம்மா உன்னோடு சேர்ந்து மணல் வாரியதை நீயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். படம் எடுக்கிறோம், இந்தப் பெண்ணின் கதையை அவள் வாயாலேயே சொல்லச் சொல் என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் உன்னிடம் வந்து, "சாட்சி சொல்லணும்க்கா" என்றேன். எங்கள் சபையில் அதுதான் சொல். ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னால் அது சாட்சி. உனக்கோ அது கோர்ட்டு வார்த்தை. உன் வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவின் உடல் கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்தவர் சாட்சி இருந்தால்தான் இறப்புச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீசில் உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் தலையைப் படிய வாரி, பக்கத்து வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி கேமரா முன்னால் நின்றாய். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது வேறக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ சொன்னாய்: "ஒரு கைல அவரு, ஒரு கைல பொண்ணு. தண்ணி இழுக்குது. ரெண்டு பேரையும் புடிக்க முடியல. அவரு கைய நாந்தான் வுட்டேன். கெங்கையம்மாவ கூப்ட்டேன். எந்த சாமியும் வர்ல."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தண்ணீருக்குள் ஒரு கை வந்து தன்னையும் மகளையும் பிடித்ததாம், அது இயேசுவின் கையாம், இவள் சொல்கிறாள் என்றேன். அவர் அழுதுவிட்டார். பொய் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, அக்கா. செங்கல்பட்டுப் பக்கம் என் அப்பா அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியது மிஷன் ஹாஸ்டல் சோறு. அதற்கு நன்றி காட்டுகிறேன் என்று நினைத்தேனோ? இப்படிச் சொன்னால் உங்கள் குப்பத்துக்கு இன்னும் நாலு படகு வரும் என்று நினைத்தேனோ? படகு வரத்தான் வந்தது. அதைச் சொல்லியே இத்தனை வருஷம் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பார்க்கும்போதெல்லாம் நீ கேட்பாய், அந்தச் சாட்சி தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று. போயிருக்கும்க்கா என்பேன். ஒன்றரை வருஷம் இப்படி. கடைசியில் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் அலைந்துதான் சான்றிதழ் வாங்கித் தந்தார்கள். நீ என்னவோ என்னால்தான் கிடைத்தது என்று, முழு வஞ்சிரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். வாங்கிக்கொண்டேன். என் பெண்டாட்டி குழம்பு வைத்தாள், வக்கணையாகச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவன்.

கலாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "அப்பா கைய வுட்டுட்டு என்னிய புடிச்சத அந்தப் படத்துலதான் மொதமொதல்ல கேட்டேன். எங்கிட்ட ஒருநாளும் சொல்லல மாமா" என்றாள். பெற்ற பிள்ளையிடமே சொல்லாததை என்னை நம்பிச் சொல்லியிருக்கிறாய். நான் அதை என்ன செய்தேன் பார்.

நீ சொன்னதை உள்ளது உள்ளபடி இங்கிலீஷில் எழுதி, படம் எடுத்த அந்த அமைப்புக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தப் படத்தை எங்கள் சபையில் வருஷா வருஷம் போடுவார்கள், நானும் எல்லோரோடும் சேர்ந்து கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னவன்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கலாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். வரேன் என்றிருக்கிறாள். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன்: இந்தப் பிள்ளையைப் பிடித்தது இவள் அம்மாவின் கை. இது சத்தியம், அக்கா.

தம்பி என்று நீ கூப்பிட்டதற்கு இன்னும் லாயக்காகாத,
உன் தம்பி சாமுவேல்